பதிந்தவர்

"அக்கா, கம்ப்யூட்டர் என்னை உள்ள விடமாட்டேங்குது" என்றார் சேதுராமலிங்கம்.

மங்கையர்க்கரசி கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தவில்லை.

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவள் நடத்திவந்த இல்லம் அது. ஊர் பேர் தெரியாமல் ரோட்டில் திரிபவர்களை அழைத்துவந்து, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சொந்தக்காரர்களைத் தேடி அனுப்பிவைப்பாள். அவளுக்கு நாற்பத்து நாலு வயது. சேதுராமலிங்கத்துக்கு அறுபத்தொன்று. தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றதும், அவளிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்து சேர்ந்தவர். எல்லாரையும் போல அவரும் அவளை அக்கா என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

"பாஸ்வேர்டு மறந்துட்டுதா?"

"சுத்தமா. காய்ச்சல்ல பத்து நாள் படுத்தேன். எந்திரிச்சுப் பார்த்தா ஞாபகத்துல இல்ல."

"வேற யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது.

நாலு மாதத்துக்கு முன்பு நர்ஸ் ஜெபமணி கைதவறி, கம்ப்யூட்டரில் இருந்த இருபது பேரின் படங்களை அழித்துவிட்டாள். எல்லார் முன்னாலும் அவர் அவளைத் திட்டினார். இனி இதை நான் மட்டும்தான் திறப்பேன் என்று சொல்லி, நீளமாக ஒரு பாஸ்வேர்டு போட்டார். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஜெபமணி அதன் பிறகு ஆபீஸ் அறைக்குள் வருவதில்லை.

இன்று ஓங்கோலிலிருந்து நரசய்யா என்று ஒருவர் வந்திருந்தார். காணாமல் போன தங்கை நாகரத்னம்மாவை இங்கே பார்த்ததாக ஒரு லாரி டிரைவர் சொன்னாராம். அக்காவுக்கு அந்தப் பெண்ணின் முகம் நினைவிருந்தது. ஆனால் மூன்று வருடத்துக்கு முன்பு ஒரே வாரத்தில் தெலுங்கு பேசும் ஏழு பேரை ஆந்திராவில் ஏழு இல்லங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். யார் எங்கே போனார்கள் என்பதும் அந்த இல்லங்களின் நம்பரும் கம்ப்யூட்டரில்தான் இருந்தன.

"நான் என்ன செய்யட்டும் அக்கா?"

"தென்காசியிலருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்குற பீர் முகம்மதை வரச் சொல்றேன். அவர் வர்ற வரைக்கும் நரசய்யா பக்கத்துல உக்காருங்க."

"உக்காந்து என்ன சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்க."

அவர் போய் உட்கார்ந்தார். பாஸ்வேர்டை மறந்ததைச் சொன்னார். வேறு யாருக்கும் தெரியாமல் வைத்தது தான்தான் என்பதையும் சொன்னார்.

நரசய்யா சென்னையில் கட்டட வேலை பார்த்தவர். தமிழ் தெரியும். சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சேதுராமலிங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அஞ்சு வருசம் தேடினேன். போன இடத்துல எல்லாம் அப்படி ஆளே கிடையாதுன்னாங்க. இங்கதான் எழுதி வச்சிருக்கோம்னு சொல்றீங்க. திறக்க நேரம் ஆனா ஆகட்டும். என் தங்கச்சி பேரை எழுதி வச்சீங்களே, அது போதும்."

சேதுராமலிங்கத்துக்கு மனம் லேசாயிற்று. அந்த நன்றியை அவர் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் பீர் முகம்மது ஒரு பென்டிரைவோடு வந்தார். ஃபைல்களுக்குத் தனியாக ஏதாவது பூட்டு போட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் ஒன்றும் போகாது என்றார். பென்டிரைவிலிருந்து மிஷினைக் கிளப்பினார். கறுப்புத் திரையில் இரண்டு மூன்று வரி தட்டினார். அரை மணி நேரத்தில் பழைய பாஸ்வேர்டு இல்லாமலே கம்ப்யூட்டர் திறந்தது. எல்லாம் இருந்தது.

நாகரத்னம்மாவின் பக்கத்தைத் தேடி எடுத்தார்கள். படம் இருந்தது. போன இடம் நெல்லூர் பக்கம் ஓர் இல்லம், அதன் ஃபோன் நம்பர். அதற்குக் கீழே சில வரிகள்.

'தயிர் சாதம் பிடிக்காது. விளக்கை அணைத்தால் பயப்படுவார். அழும்போது நரசய்யா என்பார். அண்ணனாக இருக்கலாம்.'

சேதுராமலிங்கம் கடைசி வரியைப் பார்த்தார்.

'பதிந்தவர்: ஜெபமணி.'

அடுத்த பக்கத்தைத் திறந்தார். அதற்கடுத்ததையும் திறந்தார். அங்கிருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் முக்கால்வாசிப் பேருக்குக் கீழே அதே பெயர்தான் இருந்தது. இத்தனை நாளில் அவர் அந்த வரி வரைக்கும் படித்ததே இல்லை.

நெல்லூருக்கு ஃபோன் போட்டார்கள். நரசய்யா "ரத்னம்" என்று ஒருமுறை கூப்பிட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து தங்கையின் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் கேட்டு முடிக்கும்வரை யாரும் அசையவில்லை.

பிறகு பீர் முகம்மது, புதுசாக ஒரு பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள் என்றார்.

சேதுராமலிங்கம் கீபோர்டின் மேல் கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

"என்ன போடட்டும் அக்கா?"

"அந்த நாற்காலி யாரோடது அண்ணாச்சி?" என்றாள் மங்கையர்க்கரசி.

அவர் எழுந்தார்.

பெண்கள் பகுதியில் ஜெபமணி ஒருத்திக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"உனக்கு வந்த நன்றி ஒண்ணை நான் வாங்கி வச்சிருக்கேன்மா" என்றார் அவர். "வந்து வாங்கிக்கோ."