பாலம் இடியவே இல்லை

ஒரு நாடு. பேரு எதுக்கு, வம்பு. அங்க வலைப்பூ எழுதுறவங்க எல்லாரும் ஜெயிலுக்குப் பயந்து வாயை மூடிட்டாங்க. மிச்சம் இருந்தது கோர்ட் வாசல்ல மனு டைப் அடிக்கிற திலகராணி ஒருத்திதான். "புதுப் பாலம் இடிஞ்சு ஏழு பேர் செத்துட்டாங்க"ன்னு எழுதிட்டா. தணிக்கை அதிகாரி கதிரேசமூர்த்தி கூப்பிட்டு விட்டார்.

"பாலம் இடியவே இல்லை. இன்னிக்கே மன்னிப்புக் கடிதம் எழுதி உன் வலைப்பூவுல போடுற. இல்லேன்னா உள்ள போற."

"போட்டுடறேன் ஐயா. நான் அடிச்சுத் தரேன், நீங்க ஒரு பார்வை பாருங்க."

இருபது வருஷமா மனு அடிக்கிறவ. டைப் அடிச்ச தாளைக் கண்டா எந்த அதிகாரிக்கும் கை சும்மா இருக்காதுன்னு அவளுக்குத் தெரியாதா?

நீட்டினா: "பாலம் இடிஞ்சு ஏழு பேர் செத்ததா இனிமே எழுத மாட்டேன்."

ஐயா சிவப்புப் பேனாவைத் தொறந்தார். "ஏழு தப்பு, பதினொண்ணு. 'மந்திரி மருமகன் கட்டிய பாலம்'னு சேர்த்துக்கோ. எதை எழுத மாட்டேன்னு தெளிவா இருக்கணும்ல?"

"இருக்கணும்யா. கையெழுத்து, சீல்?"

குத்திக் கொடுத்தார். சிவப்புத் திருத்தத்தோட அப்படியே போட்டுட்டா. இனி அவளை உள்ள தள்ளணும்னா, சீல் குத்தினவரையும் சேர்த்துத் தள்ளணும்.

மறுநாள் ஆபீஸ் வாசல்ல நீளமா வரிசை. எல்லாம் வலைப்பூக்காரங்க, ஆளுக்கொரு தாளோட.

முதல் ஆள் பணிவாச் சொன்னார்: "ஆஸ்பத்திரியில மருந்து இல்லைன்னு எழுத மாட்டேன்னு மன்னிப்பு எழுதியிருக்கேன் ஐயா. எத்தனை மாசமா இல்லைன்னு மட்டும் போட்டுக் கொடுங்க."