இசக்கியம்மாள் ஊதிய விசில்

"இன்னும் எவ்வளவு ஓடணும் கோச்? சொல்லுங்க, செத்தாலும் ஓடுதேன்" என்றாள் இசக்கியம்மாள்.

பயிற்சியாளர் பியூலா குனிந்து அவள் கால்களைப் பார்த்தாள்.

இசக்கி கபடி அணியின் ரைடர், எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள். சனிக்கிழமை போலீஸ் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். எடுத்துக்கொண்டால் வேலை. இல்லையென்றால் மறுபடி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்க வேண்டியதுதான்.

பியூலா அவளைவிட இளையவள். சீசன் தொடங்கும்போதே பயிற்சித் திட்டம் போட்டுவிட்டாள். அரை நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். அப்புறம் ஒரு நிமிஷம் நடக்க வேண்டும். மறுபடி ஓட்டம். போட்டி நெருங்க நெருங்க ஓட்டம் குறையும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு.

மற்றவர்கள் நடந்த நேரத்திலும் இசக்கி ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையில் ஓடினாள். பியூலா கண்டித்தால் தலையை ஆட்டுவாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இன்று பயிற்சி ஆட்டத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அவள் கணுக்காலைச் சாவகாசமாகப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

"எல்லாரையும் விட நான்தான் கூட ஓடியிருக்கேன். பிறகு ஏன் கோச் கால் வர மாட்டேங்கு? ஏன் இப்படி மெதுவாயிட்டேன்?"

கேட்கும்போதே அழுதுவிட்டாள்.

"சனிக்கிழமைக்குள்ள சரியாயிருமா?"

"ஆகாதுக்கா."

"அப்ப இன்னும் கூட ஓடுதேன்."

பியூலா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"இப்ப நான் ஓடுதேன். நீங்க ஊதினா ஓடுவேன், மறுபடி ஊதினா நடப்பேன். எப்ப ஊதணும்கிறது உங்க இஷ்டம்."

"என்ன கோச், நான் என்ன கேக்கேன், நீங்க என்ன..."

"ஊதுங்கக்கா."

இசக்கி ஊதினாள். பியூலா மைதானத்தைச் சுற்றிப் பறந்தாள். அவளும் ஒரு காலத்தில் நல்ல ரைடர்.

ஊதினாள். பியூலா இடுப்பில் கை வைத்து நடந்தாள்.

பார்க்கப் பார்க்க இசக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒருத்தி பிழைப்பே போகப்போகிறது, இவள் என்னடாவென்றால் ஊர்வலம் போகிறாள். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ஊதினாள். பியூலா ஓடினாள்.

அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஊதினாள். அதற்கடுத்த முறை பியூலா நாலு எட்டு நடப்பதற்குள் ஊதினாள். பியூலா முகத்தைச் சுளிக்கவில்லை. ஓடினாள்.

கடைசியில் நடக்கச் சொல்லி ஊதவே இல்லை. விசிலைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, அப்படியே நின்றாள். பியூலா ஓடிக்கொண்டே இருந்தாள்.

மூலைக் கம்பத்தருகே சட்டென்று பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இசக்கி பதறி ஓடினாள்.

"என்ன கோச் இது, முடியலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன்க்கா."

"எங்க சொன்னீங்க? ஒரு வார்த்தை பேசல நீங்க."

பியூலா வலியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒவ்வொரு சுத்துக்கும் மெதுவாயிட்டே வந்தேம்லா."