பழைய வண்டியில் புது எண்ணெய்

இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று கொண்டியில் விழுகிற சத்தம். அம்பலவாணன் அதை முப்பது வருஷத்துக்கு முன் கேட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ சத்தங்கள் அவர் காதில் விழுந்து போயின. இது மட்டும் போகவில்லை.

சாகக் கிடந்த அப்பாதான் போடச் சொன்னார்.

"தில்லை வருவான். வந்தா உள்ள விடாதே. இப்பவே தாழ்ப்பாளப் போடு. எனக்குச் சத்தம் கேக்கணும்."

அம்பலவாணன் போட்டார். அப்பா கேட்டார். மறுநாள் விடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

தம்பி தில்லைநாயகம் வந்தபோது வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவை மாதா கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவன் அந்த வாசலை மிதித்ததில்லை. அன்று மிதித்தான். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்பா என்னைக் கேட்டாராண்ணா?"

"கேட்டார்டா. 'சின்னவன் வந்துட்டானா, சின்னவன் வந்துட்டானா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்."

தில்லை அழுதான். பிறகு அழுகையை நிறுத்தி நிமிர்ந்தான். அதன்பின் அவன் வாழ்ந்த வாழ்க்கை எல்லாம் அந்தப் பொய்யின் மேல் நின்றது. பிறந்த மகனுக்கு அப்பாவின் பெயரை வைத்தான். தையல் கடைச் சுவரில் அப்பாவின் படத்தை மாட்டி, தினமும் பூ வைத்தான்.

அம்பலவாணன் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு பச்சைமலை மேல் இருந்த ஒரு சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்தின் தலைவி நீலாம்பிகை அவரைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மா. அம்மா எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், அம்பலவாணனை மட்டும் வாத்தியார் என்பார்.

"பேர் சொல்லியே கூப்பிடலாமே அம்மா," என்றார் ஒருநாள்.

"நீங்க இன்னும் ரிடையர் ஆகலையே, வாத்தியாரே."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீட்சை கேட்பவர் முதலில் வாய்மை நோன்பு இருக்க வேண்டும். இனிமேல் பொய் சொல்லாமல் இருப்பது மட்டும் நோன்பு ஆகாது. அதுவரை சொன்ன பெரும் பொய்களை யாரிடம் சொன்னாரோ அவரிடமே போய், "அன்று நான் சொன்னது பொய். அதைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கை நீட்ட வேண்டும். பொய் மீட்பது என்று அதற்குப் பெயர். கடைசிப் பொய்யை மீட்கிற நாளில் நோன்பு முடியும்.

அம்பலவாணன் ஊர் ஊராகப் போய் மீட்டார். பழைய நண்பர் ஒருவர் சிரித்தார். ஒருவர் காப்பி கொடுக்காமல் அனுப்பினார். மகள் மட்டும், "இதை எதுக்குப்பா இப்ப வந்து சொல்றீங்க?" என்று அழுதாள். அவர் அவள் முன்னாலும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

மீதி இருந்தது ஒன்று. அதை மட்டும் அவர் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

இடையில் வேனைப் பிடித்துக்கொண்டார்.

மடத்து வேன் டீசலில் ஓடி ஓடிக் கிழடான வண்டி. மலைக் கிராமங்களுக்குக் கஞ்சி கொண்டுபோவதும், நோயாளிகளை அடிவாரத்துக்கு இறக்குவதும் அதுதான். ஏற்றத்தில் அது விடுகிற கரும்புகை அம்பலவாணனை உறுத்தியது. தியானம் செய்கிற இடத்திலிருந்து இப்படி ஒரு அழுக்கா என்று நினைத்தார். அடிவாரத்துப் பலகாரக் கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கேட்டு வாங்கி வந்தார். கொட்டகையில் வைத்து வடிகட்டினார். மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கி, அடியில் தங்கிய கிளிசரினைப் பிரித்து, மேலே நின்றதைத் தண்ணீரில் கழுவி, ஈரம் போக உலர்த்தினார். தேன் நிறத்தில் பயோடீசல் தெளிந்து நின்றது.

அம்மா அதில் ஒரு பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"அழகா இருக்கு. வண்டி இதைக் குடிக்குமா?"

"குடிக்கும்மா. இனிமே புகையே வராது."

"டீசலோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து பழக்கணும்னு சொல்றாங்களே?"

"சொல்றாங்க. பழைய தொட்டியை இறக்கிக் கழுவணும்னும் சொல்றாங்க. நானே படிச்சிருக்கேன். அதுக்கெல்லாம் எவ்வளவு நாளாகும்? பாதிச் சுத்தம்னு ஒண்ணு உண்டாம்மா?"

அம்மா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

அம்பலவாணன் தொட்டியில் கிடந்த டீசலை வடித்துவிட்டு, வாய்வரைக்கும் புது எண்ணெயை ஊற்றினார். இனி இந்த வண்டிக்குள் ஒரு சொட்டு டீசல் போகாது என்று சீடர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணெய் வடிகட்டும் ஃபில்டர் இரண்டு வாங்கி இருக்கைக்கு அடியில் போட்டுவைத்தார்.

வண்டி ஓடியது. கரும்புகை போய் பஜ்ஜி வாசனை வந்தது. உபவாசம் இருந்தவர்கள் திண்டாடினார்கள். மலைக் கிராமத்துக் கிழவி ஒருத்தி நடுரோட்டில் கையைக் காட்டி வேனை நிறுத்தி, "சாமி, ரெண்டு வடைய குடுத்துட்டுப் போறது" என்றாள். அம்பலவாணனுக்குப் பல வருஷத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

சிரித்து முடிந்த வாரத்தில் ஸ்டெல்லா போன் செய்தாள்.

"அவருக்கு ரொம்ப முடியல அத்தான். நுரையீரல் போச்சுன்னு வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. உங்களப் பாக்கணும்னே இருக்காரு."

அம்பலவாணன் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அப்பா சொன்னது, தாழ்ப்பாள், தம்பியிடம் தான் சொன்னது.

"இப்ப போய் மீட்டுட்டு வந்துடறேம்மா. அவன் போயிட்டா யார்கிட்டப் போய்க் கை நீட்டுவேன்? நோன்பு அப்படியே நின்னுடும்."

"வாங்க, நானும் வர்றேன்," என்றார் அம்மா.

காலையில் புறப்பட்டார்கள். மலை இறங்கும்வரை வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. அடிவாரம் தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போது இருமியது. எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. ஒரு புளியமரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவதற்குள் எஞ்சின் அணைந்துவிட்டது.

அம்பலவாணன் ஃபில்டரைக் கழற்றினார். அம்மா தன் வெள்ளைத் துண்டை நீட்டினார். அதன் மேல் கவிழ்த்ததும் கறுப்பாகச் சேறு விழுந்தது. மை மாதிரியும் இருந்தது, மலம் மாதிரியும் இருந்தது.

"இது உங்க எண்ணெயா, வாத்தியாரே?"

"இல்லம்மா. என் எண்ணெய் சுத்தம். இது தொட்டியில ஒட்டிக்கிட்டுக் கிடந்த கசடு. பழைய டீசல் விட்டது. புது எண்ணெய் அதை உரிச்சு இழுத்துக்கிட்டு வருது."

"இவ்வளவு காலமா உள்ளயா இருந்தது?"

"ஆமா."

"வண்டி ஓடிக்கிட்டுத்தானே இருந்தது?"

"ஓடிச்சு. கசடு அசையாம இருந்துச்சு. அதனால ஓடிச்சு."

அம்மா துண்டை மடித்தார். கறை வெளியே தெரியாதபடி மடித்தார்.

புது ஃபில்டரை மாட்டி, கை பம்பை அமுக்கி அமுக்கிக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, அம்பலவாணன் வண்டியைக் கிளப்பினார். பருத்திக் காடுகளுக்கு நடுவில், நிழலே இல்லாத ஓர் இடத்தில், அது மறுபடியும் நின்றது.

இருந்த இன்னொரு ஃபில்டரையும் எடுத்தார். இந்தத் தடவை அம்மாவே உட்கார்ந்து பம்ப் அடித்தார். மொபெட்டில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சாமி, வேன் மௌன விரதமா?"

"இல்லப்பா," என்றார் அம்மா தலையைத் தூக்காமல். "பேதிக்குச் சாப்பிட்டிருக்கு."

மொபெட்காரர் சிரித்துக்கொண்டே போனார். அம்பலவாணன் சிரிக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தம்பி இருப்பானா என்பதே இப்போது அவருடைய கவலை. இருப்பானா, சொல்ல முடியுமா.

"சுத்தமானதைத்தானே ஊத்தினேன்?" என்றார் காட்டைப் பார்த்து.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

தம்பியின் தெருவுக்குள் நுழையும்போது வேன் மறுபடியும் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. தையல் கடை வாசலில் தானாகவே நின்றது.

ஸ்டெல்லா ஓடி வந்தாள். "வாங்க அத்தான். காலையிலேருந்து உங்க வேன் சத்தத்துக்குத்தான் காதைத் தீட்டிக்கிட்டு இருக்காரு."

தில்லைநாயகம் மூக்கில் குழாயோடு சாய்ந்து கிடந்தான். உடம்பு போய்விட்டிருந்தது. கண் மட்டும் பழைய கண். அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தான்.

"என்னண்ணா, உன் மேல பஜ்ஜி வாசம்? சாமியாராப் போனியா, சரக்கு மாஸ்டராப் போனியா?"

ஸ்டெல்லா சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

தில்லை கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். பிறகு அண்ணனின் கையைத் தேடிப் பிடித்தான்.

"அண்ணா. அப்பா கடைசியில என்னைக் கேட்டார்னு சொன்னியே. அதை இன்னொரு தடவை சொல்லு. அன்னைக்குச் சரியா காதுல வாங்கல. எப்படிக் கேட்டாரு? கோவமாவா, சும்மாவா?"

அம்பலவாணன் வாயைத் திறந்தார். மடத்தில் இதற்காகச் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாக நாக்கின் மேல் வந்து நின்றன. கையை நீட்ட வேண்டியதுதான். அந்தக் கையைத் தம்பி பிடித்திருந்தான்.

"இருடா, வரேன். வண்டியைக் குறுக்க நிறுத்திட்டேன்."

வெளியே அம்மா வேன் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், கழற்றிப்போட்ட ஃபில்டர்கள் இரண்டும் கிடந்தன.

"அவனே கேட்டுட்டாம்மா. நான் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தவிச்சுக்கிட்டு வந்தேன். அவனே கேட்டுட்டான். சொல்லிடட்டுமா?"

அம்மா ஒரு ஃபில்டரைக் கையில் எடுத்தார்.

"சொன்னா வலிக்கும். எனக்குத் தெரியாதா? ஆனா அவன் பொய் மேல படுத்துக்கிட்டு இருக்காம்மா. கசடு ஒருநாள் வெளிய வந்துதானே ஆகணும்? வரும்போது வண்டி நிக்கும். நின்னா என்ன? ஃபில்டரை மாத்திக்கிட்டே போனா தொட்டி சுத்தமாயிடும். அப்புறம் நிக்கவே நிக்காது. இதைப் புத்தகத்துலயே போட்டிருக்கான்."

"சரிதான்," என்றார் அம்மா. "எத்தனை ஃபில்டர் கொண்டுவந்தீங்க?"

"ரெண்டு. ரெண்டும் தீந்துபோச்சு."

உள்ளே தில்லை இருமினான். நீளமாக இருமினான். அது அடங்குகிறவரை அம்மா காத்திருந்தார்.

"உங்க தம்பிகிட்ட எத்தனை இருக்கு?"

தெருவில் ஒரு பூக்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் முனை திரும்பி மறைந்தது. அம்பலவாணன் கழற்றிப்போட்ட ஃபில்டர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழந்தை மாதிரிக் கேட்டார்.

"அப்ப எனக்குத் தீட்சை, அம்மா?"

"கிடைக்காது, வாத்தியாரே."

குரலில் கண்டிப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று அம்பலவாணன் நின்றார். அம்மா படியில் கொஞ்சம் நகர்ந்து, அவர் உள்ளே போக வழி விட்டார்.

அம்பலவாணன் போய்த் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோவமெல்லாம் இல்லடா. சும்மாதான் கேட்டார். 'சின்னவன் வந்துட்டானா'ன்னு. அப்புறம், 'வெயில்ல வருவான், வந்ததும் முதல்ல சோத்தைப் போடு'ன்னார்."

"சோத்தைப் போடுன்னாரா? இதை நீ அன்னைக்குச் சொல்லலியே."

"மறந்துட்டேன்டா."

தில்லைநாயகம் கண்ணை மூடிக்கொண்டான். அந்த வாரக் கடைசியில் தூக்கத்திலேயே இறந்துபோனான். அம்பலவாணன் அதற்குப் பிறகும் பல வருஷம் மடத்தில் இருந்து, தீட்சை பெறாமலே இறந்தார்.