மருதியை விசாரித்த கதை

ஊருக்கு ஒரு மன்னர் இருந்த காலம். பக்கத்து மன்னரிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஆசை. வெற்றிவேழ மன்னருக்கு வாய்த்தவை மாயக் கண்ணாடிகள். கடல் கடந்து வந்த வித்தைக்காரன் ஒருவன் மரக்கலம் நிறையக் கொண்டுவந்து அவர் தலையில் கட்டினான். ஒரு கண்ணாடிமுன் உட்கார்ந்து பேசினால் மற்றக் கண்ணாடிகளில் முகம் தெரியும், குரல் கேட்கும். அங்கே இருப்பவர் முகமும் இங்கே தெரியும்.

"இனிக் கல்விச்சாலைக்குச் சுவரே வேண்டாம்! குடிமக்கள் வீட்டிலிருந்தே படிக்கட்டும்" என்றார் மன்னர்.

சுவர் போயிற்று. அந்த இடத்தில் விதிகள் எழுந்தன. பெரும்பண்டிதர் கச்சிராயர் எழுதிய விதிச்சுவடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பாடம் நடக்கும்போது முகத்தைத் திருப்பக்கூடாது. கொட்டாவி கூடாது. மழையில் கண்ணாடி மங்கினால் அது மாணவர் குற்றம். மங்கிய செய்தியை உடனே பண்டிதருக்குத் தெரிவிக்க வேண்டும். அதையும் கண்ணாடி வழியாகவே தெரிவிக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் உப்பளங்கரை வேம்பி படித்தாள். பகலெல்லாம் பாத்தியில் உப்பு வாருவாள். மாலையில் வெடித்த கையோடு கண்ணாடிமுன் உட்கார்ந்து செய்யுள் கேட்பாள். உப்புத் தண்ணீருக்குப் பயந்து எந்த ஆசிரியரும் அந்தக் கரையில் தங்கியதில்லை. தேறினால் வேம்பியே அங்கே ஆசிரியை. தவறினால் மறுபடியும் பாத்திதான். அவளுக்கு மட்டுமல்ல, தவழ்கிற மகள் மருதிக்கும் நாளைக்கு அதே பாத்தி.

கடைசித் தேர்வு. எல்லாரையும் கண்ணாடியில் கண்கொட்டாமல் பார்த்தபடி கச்சிராயர் உட்கார்ந்திருந்தார். வேம்பி கடைசி விடையை எழுதுகையில், பாயில் தூங்கிய மருதி விழித்தாள். தவழ்ந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்து எழுந்தாள். கண்ணாடியை எட்டிப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள்.

"இன்னொரு முகம்!" என்று அலறினார் கச்சிராயர்.

மற்றவர்களின் விடைகளை இரவே திருத்திவிட்டார்கள்; வேம்பியுடையதை மட்டும் தொடவில்லை. மறுநாள் அரசவையில் விசாரணை. அதுவும் கண்ணாடி வழியேதான். ஒரே அறை உள்ள குடிசை. குழந்தையை எங்கே விடுவது? மடியில் வைத்துக்கொண்டே வேம்பி உட்கார்ந்தாள். அழக்கூடாது என்று மட்டும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். அழுவதற்கும் ஏதாவது விதி இருக்கும்.

கச்சிராயர் சுவடியைப் பிரித்தார். "தேர்வின்போது மாணவர் முகமன்றி வேறொரு முகம் கண்ணாடியில் தெரிந்தால், அந்த முகத்தின் உதவியால் எழுதியதாகவே கொள்ளப்படும். இவளை நீக்கவேண்டும், மன்னா!"

"ஐயா, அது பச்சைப் பிள்ளை" என்றாள் வேம்பி.

"விதியில் வயது சொல்லப்படவில்லை!"

மன்னர் தலையைச் சொறிந்தார். பிறகு, அவருக்கு எப்போது தலை அரித்தாலும் செய்வதுபோல, அவை விகடகவி திருமேனியாரைப் பார்த்தார். சிரிக்காமல் சிரிக்க வைப்பவர் என்று அவைக்கே தெரிந்த மனிதர் அவர்.

"பண்டிதர் சொல்வது நியாயம்" என்றார் திருமேனியார்.

வேம்பி மருதியை இறுக்கிக்கொண்டாள். இவருமா?

"ஆனால் மன்னா, உதவி வாங்கியவளை மட்டும் விசாரித்தால் போதுமா? உதவி செய்தவரையும் விசாரிக்க வேண்டாமா? பண்டிதரே, கேளும்."

"யாரை?"

"மருதியை."

வேறு வழியில்லை. கச்சிராயர் கண்ணாடியருகே குனிந்து தொண்டையைச் செருமினார். "நெய்தல் திணைக்குரிய பொழுது யாது?"

மருதி அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் தெரிந்த அவர் மூக்கை நக்கினாள். அரசவைக் கண்ணாடி முழுக்க ஒரு நாக்கு.

அவை குலுங்கியது.

"ஆக, இந்த முகத்துக்கு விடை தெரியாது" என்றார் திருமேனியார்.

"தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? முகம் தெரிந்தது! விதி அதைத்தான் கேட்கிறது!"

"அப்படியே ஆகட்டும். அம்மா வேம்பி, தேர்வின்போது உன் கண்ணாடியில் மொத்தம் எத்தனை முகங்கள் தெரிந்தன?"

வேம்பி யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"மூன்று, ஐயா."

"மூன்றா!" கச்சிராயர் துள்ளினார். "கேட்டீர்களா மன்னா! இன்னொருவனும் இருந்திருக்கிறான்!"

"உன் முகம் ஒன்று, மகள் முகம் ஒன்று. மூன்றாவது யார் முகம்? பயப்படாமல் சொல்" என்றார் திருமேனியார்.



"பெரும்பண்டிதர் முகம், ஐயா. தொடக்கத்திலிருந்து கடைசிவரை அது நகரவே இல்லை."

திருமேனியார் மன்னர் பக்கம் திரும்பினார்.

"மன்னா, குழந்தைக்கு விடை தெரியாது. இவள் கண்ணாடியில் எல்லா விடையும் தெரிந்த வேற்று முகம் ஒன்றுதான். இவள் கண்ணாடியில் மட்டுமல்ல, நாட்டிலுள்ள அத்தனை மாணவர் கண்ணாடியிலும் அது இருந்திருக்கிறது."

"அபாண்டம்!" கச்சிராயர் முகம் சிவந்தது. "நான் உதவியிருந்தால் பாதிப் பேர் தோற்றிருப்பார்களா?"

"எனக்கும் அதுதான் ஓய் விளங்கவில்லை. நீர் உதவியுமா இத்தனை பேர் தோற்றார்கள்?"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கண்ணைத் துடைத்தார். "வேம்பியின் விடைகளைத் திருத்துங்கள்! தேறினால் இன்றே நியமன ஓலை போகட்டும்."

திருத்தினார்கள். தேறியிருந்தாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

"திருமேனியாரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்? தயங்காமல் கேளும்!"

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், மன்னா. நாளைக்குப் பண்டிதரின் இலக்கண வகுப்பு. விதிச்சுவடியில் உள்ளபடி, முகம் திருப்பாமல், கொட்டாவி விடாமல், தாங்கள் ஒருமுறை முழுதாக உட்கார்ந்து கேட்கவேண்டும்."

மன்னரின் சிரிப்பு நின்றது. கண்ணாடியைப் பார்த்தார். கச்சிராயரைப் பார்த்தார். இரண்டு ஆள் தூக்கும் சுவடியையும் பார்த்தார்.

"பண்டிதரே," என்றார் மெல்ல, "வகுப்பு நாளைக்குத்தானே? அதற்குள் இந்தச் சுவடியில் எத்தனை விதியை அடிக்க முடியும்?"