முகம் காட்டாத தண்ணீர்

அந்தக் காலத்தில் தண்ணீர் வாய் ஓயாமல் பேசும். ஆனால் யாருக்கும் முகம் காட்டாது. ஓடைக்கரையில் குனிந்தால் அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரியும், மீன் தெரியும், பார்க்கிறவர் மட்டும் தெரியமாட்டார். கேட்டால், "கண்டவங்க மூஞ்சியெல்லாம் நான் ஏன் சுமக்கணும்?" என்று சொல்லும். அத்தனை திமிர் அதற்கு.

அப்போது இஸ்ரவேல் மக்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்து, வனாந்தரத்தில் ஒரு மலையடியில் தங்கியிருந்தார்கள். கடவுளுக்கென்று ஒரு கூடாரம் அங்கே எழும்பிக்கொண்டிருந்தது. அதன் வாசலில் பணிவிடை செய்த பெண்களில் திர்சாள் ஒருத்தி. மலையோடையிலிருந்து தண்ணீர் சுமந்து வருவது அவள் வேலை.

அவளிடம் கையகலத்தில் ஒரு வெண்கலக் கண்ணாடி இருந்தது. அவள் அம்மா எகிப்தில் செங்கல் சுமந்தே செத்துப்போனவள். திர்சாள் அச்சு அசல் அம்மாதான். அதே அகன்ற நெற்றி, அதே மூக்கு. தினமும் காலையில் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துலக்கிப் பார்ப்பாள். உள்ளேயிருந்து அம்மா பார்ப்பாள். "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் குடத்தை எடுப்பாள்.

ஒருநாள், வெண்கலம் வார்க்கிற கன்னான் ஏலோன் பெரிய கூடையோடு வாசலுக்கு வந்தான். வழிபாடு நடத்துகிற ஆசாரியர்கள் கைகால் கழுவாமல் கூடாரத்துக்குள் போகக் கூடாதாம். அதற்கு ஒரு தொட்டி வார்க்க வேண்டும், வெண்கலம் போதவில்லை என்றான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மடியிலிருந்து கண்ணாடிகளை எடுத்தார்கள்.

ஏலோன் முகம் சுளித்தான். "மினுக்கிப் பாக்குற சாமானையா கடவுள் சந்நிதியில வைக்கிறது?"

"அண்ணே, எகிப்துல எங்களை மாடுன்னுதான் நினைச்சாங்க" என்றாள் திர்சாள். "நீயும் மனுஷிதான்னு எங்களுக்குச் சொன்னது இது ஒண்ணுதான். இதைவிடச் சுத்தமான வெண்கலம் உங்களுக்கு எங்க கிடைக்கும்?"

ஏலோன் கூடையை நீட்டினான். கண்ணாடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எவ்வளவு பெரிய மனசு பாருங்கள், அந்தப் பெண்களுக்கு! திர்சாளின் முறை வந்தபோதுதான் விரல்கள் விரிய மறுத்தன.

இடுப்பிலிருந்த குடத்துத் தண்ணீர் சும்மா இருக்குமா? "கொடுக்காதடி" என்றது. "கொடுத்தா உங்கம்மா முகத்தை இனி எங்கேயும் பாக்க முடியாது. நானும் காட்டமாட்டேன்."

"தெரியும். ஆனா கடவுளைக் கும்பிட்டுட்டு வரேன்னு எங்கம்மா எத்தனை தடவை கேட்டிருப்பா! எஜமான்மார் ஒருநாளும் விடலை. நான் வாசலோட நிக்கிறவ. அவளாவது சந்நிதிக்குப் போகட்டும்."

கடைசியாக ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கூடையில் போடாமல் தானே உலையருகே நடந்துபோய், கொதிக்கிற வெண்கலத்தில் அதை விட்டாள். கையைப் பின்னால் இழுக்கவில்லை.

தொட்டி வார்த்து முடிந்தது. பொன் வேலைகள் எத்தனையோ இருந்த அந்தக் கூடாரத்தில், அத்தனை பெண்களின் காலைப்பொழுதுகளும் உருகிச் சேர்ந்த பொருள் அது ஒன்றுதான். திர்சாள் சுமந்துவந்த தண்ணீரை ஆசாரியர்கள் அதில் ஊற்றினார்கள். வாயாடித் தண்ணீர் அந்த வெண்கலத்தைத் தொட்டதும் வாயடைத்துப் போயிற்று. மகளைப் பார்க்கிற தாய் முகம், தாயைத் தேடுகிற மகள் முகம் என்று எத்தனையோ முகங்கள் அதற்குள் இருந்தன. சுமக்கமாட்டேன் என்று சொன்னதை நினைத்து அது வெட்கப்பட்டது.

பெண்கள் தொட்டியருகே போகக் கூடாது. ஆனால் கழுவிய தண்ணீர் வெளியே வரலாமே! அது மணலில் வழிதேடி ஓடிவந்து, வாசலில் நின்ற திர்சாளின் காலடிப் பள்ளத்தில் தேங்கியது.

"திர்சா, உங்கம்மா உள்ளே போய்ச் சேர்ந்துட்டா" என்றது. "தெரியாம பெருமை பேசிட்டேன். கொஞ்சம் குனியேன்."

அவள் குனிந்தாள். அகன்ற நெற்றி தெரிந்தது. அந்த மூக்கும் தெரிந்தது. "அம்மா!" என்று கத்தியபடி மணலில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெயில் ஏறியதும் அந்தத் தண்ணீர் ஆவியாகி மேகத்தில் சேர்ந்தது; மழையாகி ஊர் ஊராகப் போய், எல்லா ஆற்றுக்கும் குளத்துக்கும் சேதி சொன்னது. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. அன்று முதல்தான், ராஜாவோ அடிமையோ, யார் வந்து குனிந்தாலும், தண்ணீர் வாய் திறக்காமல் அவரவர் முகத்தை அவரவருக்குத் தருகிறது.