தாளாளர் போட்ட தங்கப் பதக்கம்

எங்கள் கல்லூரித் தாளாளர் மாசிலாமணிக்குத் தண்ணீரில் உள்ள நஞ்சைக் கண்டுபிடிக்கும் கருவி வேண்டும், செலவு மட்டும் ஆகக் கூடாது. அதன் மின்முனையில் நுண்ணிய தங்கத் துகள் பூச வேண்டும் என்றாள் ஆராய்ச்சி மாணவி பூங்கோதை.

"தங்கத்துக்கு நான் எங்கே போவேன்? ஆண்டு விழாவுல கருவி ஓடலேன்னா நீ கிளம்பிடு."

"தங்கம் என்கிட்டயே இருக்குங்கய்யா."

விழா மேடையில் மைக்கைப் பிடித்துத் தாளாளர் அதட்டினார். "எங்கேம்மா கருவி?"

பூங்கோதை ஒரு குடுவையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே பச்சைத் தண்ணீர்.

"போன வருஷம் நீங்க என் கழுத்துல போட்ட தங்கப் பதக்கத்தை அமிலத்துல கரைச்சேங்கய்யா. தங்கம்னா மஞ்சளா கரையும். செம்புதான் இப்படிப் பச்சையா வரும்."

தாளாளர் மைக்கைப் பொத்திக்கொண்டு, "நாளைக்கே தங்கம் வந்துடும், குடுவையை இறக்கும்மா" என்றார்.

பதக்கம் வாங்க வரிசையில் நின்றவர்கள் அதற்குள் அமிலம் எங்கே கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.