வந்துகொண்டே இருந்த டாக்டரம்மா

காங்கேயத்துக்குத் தெற்கே, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளுக்கு நடுவே, வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் மாட்டு டாக்டர் ஒருத்தி இருந்தாள். பெயர் சுகந்தி. ஆஸ்பத்திரி வைக்கவில்லை, போர்டும் மாட்டவில்லை. ஸ்கூட்டரும் மருந்துப்பெட்டியும் ஒரு போனும்தான். அந்தப் போன் அடித்தால்தான் அவளுக்குப் பிழைப்பு.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் கூப்பிட்டாலும் "வர முடியாது" என்று சொல்ல வாய் வராது. தொழில் தொடங்கிய புதிதில் மூன்று வீடுகளுக்கு அப்படிச் சொல்லிப் பார்த்தாள். மூன்று வீடும் சந்தைப்பேட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரிய டாக்டரிடம் போனதுதான், திரும்பவே இல்லை. அன்றிலிருந்து எந்த வேலைக்கு நடுவில் இருந்தாலும் "இதோ, வந்துட்டே இருக்கேன்" என்பதுதான் அவள் பதில்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கமும் உண்டு. ஒரு டாக்டர் வருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அவர் வந்து பார்க்கும்வரை இன்னொருவரைக் கூப்பிடமாட்டார்கள். ஒரே வாசலில் இரண்டு டாக்டர் வந்து நின்றால் இருவருக்குமே அவமரியாதை என்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. நான்கு நாள் முன்பே குறித்துக் கொடுத்தபடி, சுகந்தி ஒரு தோட்டத்தில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். ராமாத்தாளிடமிருந்து போன் வந்தது. புருஷன் போன பிறகு ஒற்றை மாட்டை வைத்துக் காலம் தள்ளுகிறவள்.

"டாக்டரம்மா, பனிக்குடம் ஒடைஞ்சு அரை மணி நேரமாச்சுங்க. ஒத்தக் காலு மட்டுந்தான் தெரியுது. மாடு முக்கி முக்கிப் படுத்துக்குது."

"கிளம்பிட்டேன்க்கா. அரை மணி நேரத்துல அங்க இருப்பேன்."

இன்னும் பன்னிரண்டு ஆடுகள் பாக்கி. மளமளவென்று முடித்து, எட்டேகாலுக்குத்தான் நிஜமாகவே கிளம்பினாள்.

பாதி வழியில் நாச்சிமுத்து என்கிற விவசாயி இரண்டு கையையும் விரித்து ரோட்டை மறித்தார். "அம்மிணி, சாமியாட்டம் வந்தீங்க! மாடு சாஞ்சிருச்சுங்க!"

ரோட்டோரம்தான் கட்டுத்தறி. மாட்டின் இடது வயிறு மத்தளம்போல் உப்பி, நாக்கு வெளியே தொங்கியது. பத்து நிமிடம் தாங்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"என்னத்தைப் போட்டீங்கண்ணா?"

"நேத்து மக கல்யாணமுங்க. பந்தியில மிஞ்சின சோறு ஒரு அண்டா... வீணாப் போகுதேன்னு..."

"மாட்டுக்கும் பத்திரிகை வெச்சீங்களாக்கும்!" என்று கடிந்துகொண்டே, விலாவுக்குப் பின்னால் குழாய் ஊசியைக் குத்தினாள். புஸ்ஸென்று காற்று பீறிட்டது. இரண்டு கையும் நுரையும் ரத்தமுமாக இருந்தபோது பையில் போன் அடித்தது. நாச்சிமுத்து அதை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு அவள் காதருகே பிடித்தார். மணி எட்டு முப்பத்தைந்து.

"எங்கீங்க வந்துட்டிருக்கீங்க?" ராமாத்தாள்தான் கேட்டாள். "பெரிய டாக்டரு நம்பரு சுவத்துல எழுதியிருக்குது. நாலு கிலோமீட்டருதான். கேட்டுப் பாத்தேன், வீட்லதான் இருக்காராமா. உங்களுக்குத் தோதுப்படலீன்னா சொல்லிப்போடுங்க, அவரை வரச் சொல்லிக்கறேன். தப்பா மட்டும் நெனச்சுக்காதீங்க."

சுகந்திக்கு அந்த மூன்று வீடுகள் ஞாபகம் வந்தன.

"அதெல்லாம் வேண்டாங்கக்கா. கோயில் முக்குக்கு வந்துட்டேன்."

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். பிறகு மாட்டைப் பார்த்தார். போனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

மாட்டைத் தேற்றி எழுப்பிவிட்டு ராமாத்தாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. உள்ளே மடங்கிக் கிடந்த இன்னொரு காலை நிமிர்த்திக் கன்றை இழுத்துப் போட்டாள். கிடாரிக் கன்று. மூச்சு இல்லை, ஆனால் உடம்பில் சூடு இருந்தது; செத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தாய் பிழைத்துக்கொண்டது.

கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள் ராமாத்தாள். "எத்தனை சிரமப்பட்டு வந்தீங்களோ. வண்டி கிண்டி பஞ்சராயிருச்சுங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் பாதி திறந்துவிட்டது. தண்ணீர் ஊற்றுகிறவளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசியது. குனிந்தபடியே, எங்கே நின்றாள், எங்கிருந்து எதைச் சொன்னாள் என்று அத்தனையும் சொல்லி முடித்தாள். "என்னாலதான்க்கா போச்சு."

அதற்குள், மறந்துபோன போனைக் கொடுக்க நாச்சிமுத்து வந்து நின்றிருந்தார். "நாந்தானுங்க பாவி. அந்தப் பொய்யைக் காதால கேட்டுட்டு வாயை மூடிட்டு நின்னேன். நெசத்தைச் சொன்னா எம்மாட்டை விட்டுப்போட்டு ஓடிருவாங்களோன்னு பயம்."

ராமாத்தாள் கன்றின் மேல் சாக்கைப் போர்த்தினாள். "நம்பரைச் சுவத்துல வெச்சுக்கிட்டு, மரியாதை பாத்துட்டு நின்னவ நானு. என்ற கன்னை நானே கொன்னுபோட்டேன்."

பழி என்று வந்தால் அடுத்தவர் தலையில் தள்ளுவதுதான் ஊர் உலகத்தில் நடக்கிறது. இங்கேயோ மூன்று பேர் எனக்கு எனக்கு என்று இழுக்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள்: அந்தக் கன்றின் பழி யாருடையது? அன்று காலை எந்த நேரத்தில் அது வந்து சேர்ந்தது?

விடை: சுகந்தியுடையதுதான், எட்டு முப்பத்தைந்துக்கு வந்து சேர்ந்தது. வழியில் நின்றதில் குற்றமில்லை. சாகக் கிடக்கும் மாட்டைத் தாண்டிப் போக எந்த டாக்டருக்கும் கால் வராது. எட்டு மணிக்குச் சொன்ன பொய்யையாவது சரிக்கட்ட வழி இருந்தது. எட்டு முப்பத்தைந்துக்கு ராமாத்தாள் வழக்கத்தையே தள்ளிவைத்து உத்தரவு கேட்டாள். கொடுத்திருந்தால் பெரிய டாக்டர் ஒன்பதுக்குள் வந்திருப்பார். போனில் பிரசவப் பேச்சு வராததால் நாச்சிமுத்துவுக்குத் தன் மாட்டின் அவசரம் மட்டும் தெரிந்தது, ராமாத்தாளுக்குத் தன் மாடு மட்டும். இரண்டையும் தெரிந்துவைத்திருந்தவள் ஒருத்திதான், அவள் காப்பாற்றிக்கொண்டது வாடிக்கையை. மறுநாள் ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டபோது, "இன்னிக்கு என்னால வர முடியாதுங்க" என்று சொல்லி, பெரிய டாக்டரின் நம்பரையும் தானே கொடுத்தாள். அந்த வீட்டிலிருந்து அப்புறம் அவளுக்குப் போன் வரவே இல்லை.